ஒரு நாட்டின் ரண ஜன்னி நிலவரத்தைக் கணக்கிடுவது எப்படி: புதிதாக இறங்குபவர்களுக்கு

டெட்டனஸ் என்னும் ரண ஜன்னி ஒரு நாட்டில் எவ்வளவு இருக்கிறது, யாரைத் தாக்குகிறது என்று அறிக்கை எழுதும் பொறுப்பு உங்களிடம் வந்தால், முதலில் கை போவது ஆண்டுவாரி நோயாளி எண்ணிக்கையின் மீதுதான். அதை ஒரு வரைபடமாகப் போட்டால் கோடு இறங்கிக்கொண்டே போகும். பார்ப்பவர்களுக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் அந்தக் கோட்டில் நோயும் இருக்கிறது, நோயைப் பதிவு செய்யும் பழக்கமும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வதுதான் உங்கள் வேலை.

இந்த நோய்க்கு ஒரு தனிக் குணம் உண்டு. கிருமி மண்ணிலும் விலங்குகளின் சாணத்திலும் வித்துகளாகக் கிடக்கிறது. ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவதில்லை. அதனால் சுற்றியிருப்பவர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டதால் போடாதவர் தப்பிக்கும் பேச்சே இல்லை. தட்டம்மையில் 95 சதவீதத்தை எட்டினால் மிச்சமுள்ளவர்களுக்கும் ஒரு கவசம் கிடைக்கும். இங்கே ஆண்டுக்கு 10 லட்சம் குழந்தைகள் பிறக்கும் நாட்டில் 95 சதவீதம் என்றால், 50,000 குழந்தைகள் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நிற்கிறார்கள். நோய் வந்து பிழைத்தவருக்கும் எதிர்ப்பாற்றல் வராது. அவருக்கும் தடுப்பூசி போட்டாக வேண்டும். ஆகவே தேசிய சராசரியை வைத்து எழுதும் எந்த வாக்கியத்தையும் சந்தேகத்தோடு பாருங்கள். விடுபட்டவர் யார், எந்த வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம் என்பதை நோக்கியே கீழேயுள்ள எல்லாப் படிகளும் போகின்றன.

1. கேள்வியை மூன்றாகப் பிரியுங்கள்

ரண ஜன்னியை ஒரே எண்ணாகக் கூட்டாதீர்கள். பச்சிளங்குழந்தைகளுக்கு வருவது, பேறுகாலத்தில் தாய்க்கு வருவது, மற்ற எல்லோருக்கும் வருவது என மூன்று உண்டு. மூன்றுக்கும் காரணம் வேறு, வகுக்க வேண்டிய எண்ணும் வேறு.

பச்சிளங்குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: பிறந்து முதல் 2 நாள் நன்றாகப் பால் குடித்து, அழுத குழந்தை; 3ஆம் நாளிலிருந்து 28ஆம் நாளுக்குள் பால் குடிக்க முடியாமல் போய், உடல் விறைத்து, அல்லது இசிவு கண்டால் அது ரண ஜன்னி. வீதத்தை 1,000 உயிர்ப்பிறப்புகளுக்குச் சொல்ல வேண்டும். தாய்க்கு வருவது என்றால் கர்ப்ப காலத்திலோ, கர்ப்பம் முடிந்த 6 வாரத்துக்குள்ளோ. பிரசவத்தோடு கருச்சிதைவும் கருக்கலைப்பும் இதில் அடங்கும். மற்றவர்களுக்கு வருவதை மக்கள்தொகையில் லட்சத்துக்கோ பத்து லட்சத்துக்கோ இத்தனை என்று சொல்லுங்கள்.

"ஒழிப்பு" என்ற சொல்லைப் பயன்படுத்தும் முன் அதன் அளவுகோலைப் பாருங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும், ஒவ்வோர் ஆண்டும், 1,000 உயிர்ப்பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவாகப் பச்சிளங்குழந்தை ரண ஜன்னி இருக்க வேண்டும். நாட்டின் சராசரி ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டது என்பது போதாது. பூஜ்யமாக வேண்டும் என்றும் இல்லை. வித்துகள் மண்ணில் இருக்கும்வரை இந்த நோயை வேரோடு அழிக்க முடியாது. ஒழிப்பு நிலையைத் தக்கவைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

2. கடிதங்களை முதல் வாரமே அனுப்புங்கள்

இந்த வேலையில் கணக்குப் போட ஆகும் நேரத்தைவிடத் தரவுக்காகக் காத்திருக்கும் நேரம் அதிகம். கணக்கைத் தொடங்கிய பிறகு விண்ணப்பிப்பவர்கள் பாதியில் மாதக்கணக்கில் சும்மா உட்கார வேண்டிவரும். முதல் வாரமே ஐந்து விண்ணப்பங்கள் போகட்டும்: நோய்க் கண்காணிப்புப் பிரிவுக்கு, மருத்துவமனையில் சேர்ந்து வெளியேறியவர்களின் தரவு வைத்திருப்பவர்களுக்கு, பிறப்பு-இறப்புப் பதிவுத் துறைக்கு, தடுப்பூசித் திட்ட அலுவலகத்துக்கு, நெறிமுறைக் குழுவுக்கு.

ஒவ்வொரு கடிதத்தோடும் இணைக்க வேண்டியவை: இரண்டு பக்க ஆய்வுத் திட்டம், எந்தெந்தக் களங்கள் (வயது, தேதி போன்ற விவரங்கள்) வேண்டும் என்ற பட்டியல், தரவை எங்கே, யார் பொறுப்பில், எத்தனை ஆண்டு வைத்திருப்பீர்கள் என்ற உறுதிமொழி. களப் பட்டியலில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "வயது" என்று கேட்டால் முழு ஆண்டுகளில் வரும். பச்சிளங்குழந்தைகள் எல்லாம் 0 என்ற ஒரே கட்டத்தில் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு 9 நாள் குழந்தையையும் 9 மாதக் குழந்தையையும் பிரிக்கவே முடியாது. "28 நாளுக்குள் என்றால் நாள்கணக்கில் வயது" என்று எழுதிக் கேளுங்கள். அறிகுறி தொடங்கிய தேதி, அறிவிக்கப்பட்ட தேதி இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். வசிக்கும் மாவட்டமும் சிகிச்சை பெற்ற மாவட்டமும் தனித்தனியாக வேண்டும். இல்லாவிட்டால் பெரிய மருத்துவமனை இருக்கும் நகரமே நாட்டில் ரண ஜன்னி அதிகமுள்ள ஊராகத் தெரியும்.

பெயர் வேண்டாம். ஒரே நோயாளியை இரு பட்டியலில் அடையாளம் காண, பெயருக்குப் பதிலாக ஒரு மறையெண் போதும். பெயர் கேட்டால் நெறிமுறைக் குழுவில் விண்ணப்பம் தேங்கும்.

3. காசில்லாமல் கிடைப்பதை முதலில் எடுங்கள்

காத்திருக்கும் நாள்களில் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதைத் திரட்டிவிடலாம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் நாடுகளிடம் ஆண்டுதோறும் வாங்கும் கூட்டு அறிக்கைப் படிவத்தின் எண்கள், அதே இரு அமைப்புகளின் தடுப்பூசி வீத மதிப்பீடு, டிஎச்எஸ், மிக்ஸ் எனப்படும் வீட்டுக் கணக்கெடுப்புகளின் தரவு, ஐக்கிய நாடுகள் சபையின் மக்கள்தொகைக் கணிப்பு ஆகியவை அவை. வீட்டுக் கணக்கெடுப்புத் தரவுக்கு மட்டும் பதிவு செய்து, எதற்காக என்று நான்கு வரி எழுத வேண்டும்.

இவற்றில் மூன்று பொறிகள் உண்டு. முதலாவது, கூட்டு அறிக்கையில் "மொத்த ரண ஜன்னி", "பச்சிளங்குழந்தை ரண ஜன்னி" என இரு வரிகள் இருக்கும். இரண்டிலும் ஒரே எண் இருந்தால் பெரியவர்களுக்கு நோய் வரவில்லை என்று எழுதிவிடாதீர்கள். பெரியவர்களை யாரும் எண்ணவில்லை என்பதே பெரும்பாலும் பொருள். இரண்டாவது, தடுப்பூசி வீத மதிப்பீடு ஒவ்வோர் ஆண்டும் பின்னோக்கி முழுத் தொடரும் திருத்தப்படுகிறது. போன ஆண்டு வெளியீட்டிலிருந்து பாதி, இந்த ஆண்டு வெளியீட்டிலிருந்து பாதி என்று ஒட்டினால் இல்லாத ஏற்ற இறக்கம் தோன்றும். தரவிறக்கிய தேதியைக் கோப்பின் பெயரிலேயே போட்டுவையுங்கள்.

மூன்றாவதுதான் பெரிய பொறி. உலக நோய்ச்சுமை ஆய்வு போன்றவை தரும் இறப்பு எண்கள் எண்ணியெடுத்தவை இல்லை, கணித மாதிரியை வைத்து மதிப்பிட்டவை. பதிவு குறைவான நாடுகளுக்கு அந்தக் கணக்கே தடுப்பூசி வீதம் போன்றவற்றை உள்ளீடாக எடுத்துக்கொள்கிறது. அந்த எண்ணை எடுத்து "தடுப்பூசி கூடியது, இறப்பு குறைந்தது" என்று நிறுவினால் போட்டதையே திருப்பி எடுத்ததாகும். ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படுத்துங்கள், சான்றாக வேண்டாம்.

4. நோயாளிப் பட்டியலைச் சலித்தெடுங்கள்

அறிக்கையின் நம்பகம் இந்தப் படியில்தான் நிற்கிறது, அவசரப்படாதீர்கள்.

நோய்களுக்கான சர்வதேசக் குறியீட்டு முறையான ஐசிடி-10இல் ஏ33 பச்சிளங்குழந்தை, ஏ34 பேறுகாலம், ஏ35 மற்றவை. மருத்துவமனைத் தரவில் இந்த மூன்றையும் எடுத்ததும் எண்ணிக்கை திகைக்கும்படி பெரிதாக இருக்கும். இப்படி ஒரு வரி கண்ணில் படும்: ஆண், வயது 27, ஏ35, தங்கிய நாள் 0, வீடு திரும்பினார். ரண ஜன்னி நோயாளி யாரும் அன்றே வீடு திரும்ப மாட்டார். அவர் கையைக் கிழித்துக்கொண்டு டிடி ஊசி போட வந்தவர். தடுப்பூசிக்கான குறியீடு இசட்23.5, பதிவு செய்தவர் "டெட்டனஸ்" என்று தேடி முதலில் வந்ததை அழுத்தியிருக்கிறார். ஆகவே முதல் சல்லடை, தங்கிய நாள். 0 அல்லது 1 நாள் தங்கி உயிரோடு வீடு சென்றவர்கள் அனைவரையும் தனியே வையுங்கள். அன்றே இறந்தவர்களையும் வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்களையும் இந்தச் சல்லடையில் போட்டுவிடாதீர்கள். அவர்கள் உண்மையான நோயாளிகளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது சல்லடை, வயதும் பாலினமும். ஏ33 குறியீட்டில் 34 வயது, ஏ34 குறியீட்டில் ஆண், ஏ35 குறியீட்டில் 6 நாள் குழந்தை எல்லாம் கட்டாயம் வரும். கடைசியில் சொன்னதை ஏ33க்கு மாற்றலாம். மற்ற இரண்டுக்கும் நோயாளிக் குறிப்பேட்டைப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

மூன்றாவது, டெட்டனி. கால்சியம் குறைவால் தசை இழுத்துக்கொள்ளும் அந்த நிலைக்கு ஆர்29.0 என்று வேறு குறியீடு இருந்தும், பெயர் ஒத்திருப்பதால் ஏ35இல் வந்து விழும். ஓரிரு நாளில் கால்சியம் ஏற்றிக் குணமான இளவயதினர் கூட்டமாகத் தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள். சில வாந்தி மருந்துகளின் பக்கவிளைவால் தாடை இறுகுவதும், பல் சீழால் வாய் திறக்க முடியாமல் போவதும்கூட இதே கதைதான்.

நான்காவது, இரட்டை எண்ணல். இந்த நோயாளிகள் வாரக்கணக்கில் தங்குவார்கள். சிறிய மருத்துவமனையிலிருந்து தீவிர சிகிச்சை உள்ள இடத்துக்கு மாற்றப்படுவார்கள். ஒருவரே இரண்டு மூன்று வரிகளாக வருவார். மறையெண் இல்லாவிட்டால் வயது, பாலினம், வசிக்கும் மாவட்டம் மூன்றும் ஒத்து, 60 நாளுக்குள் வரும் வரிகளை ஒருவராகக் கருதிக் கையால் சரிபாருங்கள். ஆண்டைக் கணக்கிட அறிகுறி தொடங்கிய தேதியை எடுங்கள். டிசம்பரில் சேர்ந்து ஜனவரியில் வெளியேறியவர் அப்போதுதான் ஒரே ஆண்டில் நிற்பார்.

ஆய்வகச் சான்று தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ரண ஜன்னி மருத்துவர் பார்த்துத் தீர்மானிக்கும் நோய். காயத்திலிருந்து கிருமியை வளர்த்தெடுக்க முடிவது ஏறத்தாழ 30 சதவீத நோயாளிகளிடம்தான். நோய் இல்லாதவர் காயத்திலும் அது கிடைக்கலாம். "ஆய்வகத்தில் உறுதியானவை மட்டும்" என்று வடிகட்டினால் உண்மையான நோயாளிகளில் பெரும்பகுதியை நீங்களே தூக்கி எறிகிறீர்கள்.

இறப்பு விகிதம் சொல்லும்போது, மருத்துவர் சொல்லைக் கேட்காமல் வீட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களை "பிழைத்தவர்கள்" பக்கம் சேர்க்காதீர்கள். நம்பிக்கை இழந்த குடும்பங்கள்தான் அப்படி அழைத்துப் போகின்றன. அவர்களைச் சேர்த்து ஒருமுறை, விலக்கி ஒருமுறை கணக்கிட்டு இரண்டையும் எழுதுங்கள்.

5. பதிவாகாதவர்களை மதிப்பிடுங்கள்

வீட்டில் பிறந்து வீட்டிலேயே இறந்த குழந்தை எந்தப் பட்டியலிலும் இருக்காது. பிறப்பும் பதிவாகாது, இறப்பும் பதிவாகாது. இந்த நோய் அதிகம் தாக்குவது அந்தக் குழந்தைகளைத்தான். வழி இரண்டு.

ஒன்று, இரு பட்டியல் ஒப்பீடு. மருத்துவமனையில் ரண ஜன்னியால் இறந்தவர்கள் 60 பேர், இறப்புப் பதிவேட்டில் அதே காரணத்தோடு 25 பேர், இரண்டிலும் இருப்பவர்கள் 11 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் எண்ணோடும் 1 கூட்டி, முதல் இரண்டைப் பெருக்கி, மூன்றாவதால் வகுத்து, 1 கழியுங்கள்: 61 × 26 ÷ 12 − 1, அதாவது சுமார் 131. கையில் இருப்பவர்கள் 74. ஏறத்தாழ 56 சதவீதமே பதிவாகியிருக்கிறது. இறப்புப் பட்டியலோடு இறப்புப் பட்டியலை மட்டுமே ஒப்பிடுங்கள். மருத்துவமனைப் பட்டியலில் பிழைத்தவர்களையும் சேர்த்தால் கணக்கு கெட்டுப்போகும். இன்னொன்று: மருத்துவமனையில் இறந்தவருக்குச் சான்றிதழ் எளிதில் கிடைப்பதால் இரு பட்டியல்களும் ஒன்றையொன்று சார்ந்தவை. அதனால் வரும் விடை உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். "குறைந்தபட்சம் இத்தனை" என்று எழுதுங்கள்.

மற்றது, வீடு வீடாகப் போய் இறந்த குழந்தையின் கடைசி நாள்களைத் தாயிடம் கேட்டறியும் வாய்மொழி இறப்பாய்வு. முதல் இரண்டு நாள் பால் குடித்ததா, அழுததா என்ற கேள்வியே திறவுகோல். பிறந்ததிலிருந்தே குடிக்காத குழந்தைக்குப் பிறப்பின்போது மூச்சுத்திணறல் காரணமாக இருக்கலாம். வெளிச்சம் பட்டாலோ தொட்டாலோ விறைத்ததா என்று அடுத்து கேளுங்கள். வயதை 7, 14, 30 நாள் என்று முழு எண்ணாகச் சொல்வது இயல்பு. பிறந்த தேதியையும் இறந்த தேதியையும் தனித்தனியாகக் கேட்டு நீங்களே கழியுங்கள். பிறந்த நாளை 0 என்பதா 1 என்பதா என்று களக்குழு முழுவதும் ஒரே விதி இருக்க வேண்டும். பிள்ளையை இழந்த தாயிடம் கேட்கிறோம் என்பதை மறக்காதீர்கள். கேட்பவர்களுக்குப் பயிற்சியும் அவகாசமும் கொடுங்கள். ஒரே நாளில் இத்தனை நேர்காணல் முடிக்க வேண்டும் என்று நெருக்க வேண்டாம்.

காரணமே பதிவாகாத பதிவேடு மட்டும் இருந்தால், பிறந்து 4 முதல் 14 நாளுக்குள் நேர்ந்த இறப்புகளின் பங்கை மாவட்டவாரியாகப் பாருங்கள். அந்தப் பங்கு உயர்ந்த மாவட்டங்களில் ரண ஜன்னி ஒளிந்திருக்கலாம். வாய்மொழி ஆய்வை அங்கே தொடங்கலாம்.

6. தடுப்பூசியைப் பிறந்த ஆண்டுவாரியாக அடுக்குங்கள்

உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது ஆறு தவணை: குழந்தைப் பருவத்தில் 3, பிறகு 12-23 மாதத்தில், 4-7 வயதில், 9-15 வயதில் ஒவ்வொன்று. ஆனால் இன்று 50 வயதானவருக்கு இன்றைய அட்டவணை எதற்கு? உங்கள் நாட்டில் எந்த ஆண்டில் எந்தத் தவணை தொடங்கியது என்று திட்ட அலுவலகத்தில் வாங்கி, ஒவ்வொரு பிறப்பாண்டுக் குழுவுக்கும் எத்தனை தவணை கிடைத்திருக்க முடியும் என ஒரு கட்டம் போடுங்கள். ஆணுக்கு ஒரு கட்டம், பெண்ணுக்கு ஒரு கட்டம். பெண்களுக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் வாய்ப்பு வருகிறது. குழந்தைப் பருவத்துக்குப் பின் ஆண்களைத் தேடி எந்தத் திட்டமும் போவதில்லை. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளில் ஆண்களுக்கான விருத்தசேதனத் திட்டங்களைத் தொடர்ந்து ரண ஜன்னி நோயாளிகள் வந்தபோதுதான் வளர்ந்த ஆண்களிடம் இருந்த இந்த ஓட்டை பலர் கண்ணில் பட்டது. தடுப்பூசி பழகிய பணக்கார நாடுகளில் அதே ஓட்டை முதியவர்களிடம் இருக்கிறது.

கர்ப்பிணிகளுக்கு "இந்தக் கர்ப்பத்தில் இரண்டு ஊசி" என்ற வீதத்தை மட்டும் நம்பாதீர்கள். ஏற்கெனவே ஐந்து தவணை முடித்தவருக்கு இந்த முறை ஊசி தேவைப்படாது. அவர் கணக்கில் "போடாதவர்" ஆகிவிடுவார். திட்டம் நன்றாக நடக்க நடக்க இந்த வீதம் குறையும்! அதற்குப் பதில் "பிறக்கும்போது பாதுகாப்பு" என்ற அளவை எடுங்கள். 2 தவணைக்கு 3 ஆண்டு, 3 தவணைக்கு 5 ஆண்டு, 4 தவணைக்கு 10 ஆண்டு, 5 தவணைக்குக் கருத்தரிக்கும் வயது முழுவதும் என்று கணக்கு வைத்து, குழந்தை பிறந்த நாளில் தாய் பாதுகாப்பில் இருந்தாரா என்று பார்க்க வேண்டும். குழந்தையை முதல் தடுப்பூசிக்குக் கொண்டுவரும் நாளில் கேட்டுப் பதிவதே வழக்கம். அந்த நாளுக்கு வராத தாய்கள் இதில் விடுபடுவார்கள் என்பதையும் குறிப்பிடுங்கள்.

7. ரத்தப் பரிசோதனை ஆய்வு: செலவு பெரிது, பலனும் பெரிது

ரண ஜன்னிக்கு இயற்கையாக எதிர்ப்பாற்றல் வருவதில்லை. ஆகவே ஒருவர் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் அது ஊசியால் வந்தது. தொலைந்த அட்டை, மறந்த தாய், மிகைப்படுத்திய பதிவேடு எதுவும் இதைக் குழப்ப முடியாது. விலக்கு இரண்டு: தாயிடமிருந்து எதிர்ப்பொருள் பெற்ற கைக்குழந்தைகள், அண்மையில் காயத்துக்காக இம்யூனோகுளோபுலின் (ஆயத்த எதிர்ப்பொருள் ஊசி) போட்டுக்கொண்டவர்கள். இவர்களைத் தனியாக வையுங்கள்.

மாதிரி அளவு: 80 சதவீதம் பேருக்குப் பாதுகாப்பு இருக்கும் என்று எதிர்பார்த்து, 5 சதவீதப் புள்ளி துல்லியம் வேண்டுமானால் 246 பேர். கொத்துக் கொத்தாகத் தேர்வு செய்வதால் இரட்டிப்பாக்கி 492. பத்தில் ஒருவர் மறுப்பார் என்றால் 547. இது ஒரு பிரிவுக்கு மட்டும். நான்கு வயதுப் பிரிவு, இரு பாலினம் என்றால் எட்டு மடங்கு, 4,376. நிதிக் குழு இதைக் கண்டு பாதியாக்கச் சொல்லும். அப்போது பிரிவுகளைக் குறையுங்கள், பிரிவுக்குள் ஆட்களைக் குறைக்காதீர்கள்.

சோதனைப் பொருளைவிட வீட்டுக்கு வீடு போகும் ஆட்கள், வண்டி, குளிர்சாதனம் ஆகியவற்றுக்கே பணம் கரையும். வேறொரு நோய்க்காக ஏற்கெனவே திட்டமிட்ட தேசிய ரத்தக் கணக்கெடுப்போடு சேர்ந்துகொள்வது மிகப் பெரிய சேமிப்பு. ஒப்புதல் படிவத்தில் "பிற நோய்களுக்கும் சோதிக்கலாம்" என்ற வரி இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். இல்லாவிட்டால் அந்த ரத்தத்தைத் தொட முடியாது. விரல்நுனி ரத்தத்தைத் தாளில் உலர்த்தி எடுத்தால் களத்தில் குளிர்ப்பெட்டித் தொல்லை வெகுவாகக் குறையும்.

சோதனை முறையில் ஏமாறாதீர்கள். சுண்டெலியில் செய்யும் நடுநிலையாக்கல் சோதனையில் பாதுகாப்பின் எல்லை மில்லிலிட்டருக்கு 0.01 சர்வதேச அலகு. ஆய்வகத்தில் எதிர்ப்பொருளை அளக்கும் சாதாரண எலிசா சோதனைக்கு அதே எல்லையை வைக்கக் கூடாது. குறைந்த அளவுகளில் அது கூட்டிக் காட்டும். அதற்கு 0.1 என்று வையுங்கள். எந்த முறை, எந்த எல்லை என்று சொல்லாத ஆய்வுகளை ஒப்பிடவே வேண்டாம்.

தடுப்பூசி வீதம் 90ஐத் தாண்டியும் ரத்தத்தில் பாதுகாப்பு வெகுவாகக் குறைந்த மாவட்டம் கிடைத்தால் இரண்டைத் தேடுங்கள். பதிவேட்டு எண் பொய்யாக இருக்கலாம். அல்லது ஊசி மருந்து எங்கோ உறைந்திருக்கலாம்: இந்த மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும், உறைந்தால் வீரியம் போய்விடும். வெப்பத்துக்குப் பயந்து குளிர்பெட்டியில் பனிக்கட்டியை ஒட்டி வைக்கும் இடங்களில் இது நடக்கிறது.

8. சிறிய எண்களைக் கவனமாக எழுதுங்கள்

ஆண்டுக்கு 400 குழந்தைகள் பிறக்கும் மாவட்டத்தில் ஒரே ஒரு நோயாளி என்றால் வீதம் 1,000க்கு 2.5. ஒழிப்பு தவறிவிட்டதாகத் தோன்றும். அடுத்த ஆண்டு பூஜ்யம். இப்படிப்பட்ட மாவட்டங்களுக்கு மூன்று ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். 5 நோயாளிகள் என்றால் 95 சதவீத நம்பக இடைவெளி (உண்மை எண் இருக்கக்கூடிய எல்லை) 1.6 முதல் 11.7 வரை, இடைவெளி இல்லாமல் எந்த வீதத்தையும் அச்சில் ஏற்றாதீர்கள். பூஜ்யத்துக்கும் இடைவெளி உண்டு: 3ஐப் பிறப்பு எண்ணிக்கையால் வகுத்தால் மேல் எல்லை வரும். 3,000 பிறப்புகளில் ஒருவரும் இல்லை என்றால்தான் "1,000க்கு ஒன்றுக்கு மேல் இல்லை" என்று ஓரளவு சொல்ல முடியும். 600 பிறப்புகளில் பூஜ்யம் என்றால் மேல் எல்லை 1,000க்கு 5.

பேரிடர் ஆண்டுகளைப் போக்கிலிருந்து பிரித்துக் காட்டுங்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் இந்தோனேசியாவின் அச்சே பகுதியில் 106 பேருக்கு ரண ஜன்னி வந்து 20 பேர் இறந்தார்கள். அந்தத் திடீர் ஏற்றம் நோய் பரவியதால் வந்ததில்லை. பாதுகாப்பில்லாமல் இருந்த பெரியவர்களுக்கு ஒரே நாளில் காயம் பட்டதால் வந்தது.

9. ஒப்படைக்க வேண்டிய கோப்புகள்

அறிக்கையோடு நான்கைக் கொடுங்கள்: மூன்று வகையும் வயது, பாலினம், மாவட்டவாரியாகப் பிரித்த அட்டவணை, பிறப்பாண்டுவாரித் தடுப்பூசிக் கட்டம், ஒவ்வொரு தரவும் எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்ற பட்டியல், நான்காம் படியில் விலக்கிய ஒவ்வொரு வரியும் ஏன் விலக்கப்பட்டது என்ற பதிவு. கடைசியில் சொன்னதைப் பலர் கொடுப்பதில்லை. அடுத்த ஆண்டு வேறொருவர் அதே சல்லடையைப் போடாமல் எண்ணினால் நோயாளிகள் மும்மடங்காகத் தெரிவார்கள், கொள்ளைநோய் வந்ததுபோல் பரபரப்பு கிளம்பும். விலக்கிய வரிகளை அழிக்காமல், தனித் தாளில், காரணக் குறியோடு சேமித்து ஒப்படையுங்கள். மாவட்ட அலுவலர்களுக்குத் தேசிய அறிக்கையை அனுப்புவதைவிட அவரவர் மாவட்டத்தின் ஒரு பக்கத் தாளை அனுப்புங்கள்; அதில் எந்த வயதினர், எந்தப் பகுதியினர் விடுபட்டிருக்கிறார்கள் என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும்.